ஆரோக்கியம் அண்ணன் வீட்டு ஸ்டார்

டெலஸ்கோப் பெட்டியை முதல்தடவை திறக்கும்போது ஒரு வாசனை வரும் பாருங்க... புது ஃபோம், கொஞ்சம் கிரீஸ். அதோட கொசுவத்திப் புகையும் சேர்ந்துட்டா எனக்கு அது ஆவடி பக்கம் பருத்திப்பட்டுல எங்க வீட்டு மொட்டை மாடிதான். இன்னிக்கும் அந்தப் புகை மூக்குல ஏறினா எழுந்து வெளிய போயிடுவேன்.

நம்ம க்ரூப்ல ஒருத்தர், "உங்க முதல் படம் எப்படி வந்துச்சு, சொல்லுங்களேன்"னு கேட்டிருந்தார். சொல்றேன்.

ஆறு வருஷம் முன்னாடி வாங்கினேன். முன்னாடி லென்ஸ் வெச்ச நீளக் குழாய், ரிஃப்ராக்டர்னு சொல்வாங்க. கூடவே, நட்சத்திரம் நகர நகர மெதுவா திரும்புற மோட்டார் ஸ்டாண்ட். "நம்ம ஊரு ஏரியில எத்தனை கொசு இருக்குன்னு இதுல எண்ணிடலாம்ல?"ன்னு என் மனைவி கேட்டா.

முதல் ரெண்டு மாசம் எடுத்ததெல்லாம் குப்பை. துருவ நட்சத்திரத்தைப் பாத்து ஸ்டாண்டை வெக்கணும். நம்ம ஊர்ல அது வடக்கே ரொம்பத் தாழ, ஆவடி வெளிச்சத்துக்குள்ள முங்கிக் கிடக்கும். நிலா வெள்ளைத் தட்டா வரும். சனி ஒரு அரிசி மாதிரி வரும். பனியில லென்ஸ் வேர்த்துடும், ஹேர் டிரையரைத் தூக்கிட்டு ஓடுவேன்.

அப்புறம் மாடி ஆட்டம்... பழைய வீடு. கேமரா ஷட்டர் திறந்திருக்கிற முப்பது செகண்ட்ல நான் ஓரடி எடுத்து வெச்சாலும் தளம் அதிரும், நட்சத்திரம் ரெண்டு ரெண்டா விழும். அதனால அசையாம நிக்கப் பழகினேன். கொசு கடிச்சாக்கூட அடிக்க மாட்டேன். அதுல ஒரு பெருமை வேற எனக்கு.

பக்கத்து வீட்டு மாடி போர்ஷன்ல ஆரோக்கியம் அண்ணன் குடியிருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில வேலை, செகண்ட் ஷிப்ட். வீடு வந்து சேர பதினொன்னரை ஆகும். அவர் ஏறிப் போறது வெளிப்பக்கப் படிக்கட்டு, கைப்பிடி வெக்காமலே விட்டிருந்தாங்க. டிசம்பர் பொறந்தா படிக்கு மேல பெரிய பேப்பர் ஸ்டார் கட்டி உள்ள பல்ப் போடுவார். படிக்கட்டு பல்ப் ஃபியூஸ் போனதுல இருந்து அதுதான் படிக்கும் வெளிச்சம்.

அது நேரா என் லென்ஸ்ல அடிக்கும்.

கொஞ்ச நேரம் அணைக்கலாமான்னு கேட்டதுக்கு அண்ணன் சிரிச்சார். "எங்க ஸ்டாரை அணைச்சாத்தான் உன் ஸ்டாரு தெரியுமா நைனா? நான் ஊட்ல கீறப்ப அணைச்சுக்கோ, போ."

அந்த டிசம்பர்ல ஒரு சனிக்கிழமை அண்ணன் வீட்ல இல்ல, வேலைக்குப் போயிருந்தார். மழை பெஞ்சு கழுவிவிட்ட வானம். என் மனைவி அவ அம்மா வீட்டுக்குப் போயிருந்தா. ஸ்டாரை அணைச்சுக்கட்டுமான்னு அண்ணனோட சம்சாரம் ரோஸி அக்காகிட்ட போய் நின்னேன்.

"அவரு வர்ற நேரத்துக்கு வெளிச்சம் வேணும்பா."

"நானே போட்டுடறேங்க்கா. நீங்க தூங்குங்க."

ஸ்டாரோட ஸ்விட்ச் ரெண்டு மாடிக்கும் நடுவுல இருக்கிற கைப்பிடிச் சுவர்ல தொங்கும். நான் நிக்கிற இடத்துல இருந்து நாலே அடி.

ஃபோகஸ் பிடிக்கவே பதினொண்ணு ஆயிடுச்சு. ஓரியன் நட்சத்திரக் கூட்டத்துல மூணு நட்சத்திரம் வரிசையா நிக்குமே, அதுக்குக் கீழ ஒரு வெளிச்ச மேகம் இருக்கு. அடுத்தடுத்து முப்பது செகண்ட் படமா மொத்தம் எண்பது ஃப்ரேம்னு செட் பண்ணிட்டு, கண்ணு கூசாத சிவப்பு டார்ச்சைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஸ்க்ரீன்ல இளஞ்சிவப்பா ரெண்டு சிறகு விரிஞ்சுது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. நம்ம மாடியில இருந்து, நம்ம கையால...

பைக் சத்தம் கேட்டுது. கேட் திறக்கிற சத்தம் கேட்டுது. ஸ்விட்ச் ஞாபகமும் வந்துச்சு. இந்த ஃப்ரேம் முடியட்டும், இந்த ஒண்ணு முடியட்டும்...

தொம்முனு ஒரு சத்தம்.

ஓரடி எடுத்து வெச்சேன். நின்னுட்டேன். நாய் குப்பைத்தொட்டியைத் தள்ளியிருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது நாய் இல்லைன்னு எனக்குத் தெரியும். அண்ணன் பைக் சத்தம் எனக்குத் தெரியாதா?

இருபது நிமிஷம் அப்படியே நின்னேன். எண்பதும் முடிஞ்சப்புறம்தான் போய் ஸ்விட்சைப் போட்டேன். கீழ, படிக்குப் பக்கத்துல, அண்ணன் மல்லாக்கக் கிடந்தார். சாப்பாட்டு டப்பா மூடி தனியா கிடந்துச்சு. இறங்கி ஓடினேன். அண்ணன் கண்ணு திறந்தே இருந்துச்சு.

"வந்துட்டியாப்பா"ன்னார். அவ்ளோதான்.

ஆஸ்பத்திரியில டாக்டர் "எப்ப விழுந்தார்?"னு கேட்டார். ரோஸி அக்கா என் மூஞ்சையே பாத்தாங்க. "இப்பதான் சார்"னேன்.

முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி திரும்பல. சீக்கிரம் இறங்கிப் போயிருந்தா வேற மாதிரி ஆகியிருக்குமான்னு நான் இன்னிவரைக்கும் எந்த டாக்டரையும் கேக்கல. கேக்கப் பயம்.

அந்தப் படங்கள் லேப்டாப்ல அப்படியே இருக்கு. நாப்பத்தோராவது ஃப்ரேம்ல மட்டும் எல்லா நட்சத்திரமும் ரெண்டு ரெண்டா இருக்கும். நான் எடுத்து வெச்ச அந்த ஓரடி. அதுக்கப்புறம் எண்பது வரைக்கும் ஒண்ணுகூட ஆடல, ஊசி முனை மாதிரி இருக்கும். இதுவரைக்கும் யாருக்கும் காட்டினதில்ல. படம் வந்துச்சான்னு அண்ணன் கேட்டப்போ, மேகம் மூடிடுச்சுன்னு சொல்லிட்டேன்.

இப்ப தெருவெல்லாம் வெள்ளை எல்இடி. ஓரியனே மங்கலாத்தான் தெரியுது. டெலஸ்கோப் பரண்ல கிடக்கு. அண்ணன் வீடு கீழ் போர்ஷனுக்கு மாறிடுச்சு. அவர் கட்டில் ஜன்னலோரம். ஸ்டாரை இப்ப ரோஸி அக்கா ஸ்டூல் போட்டு ஜன்னலுக்கு வெளிய கட்டறாங்க.

போன டிசம்பர்ல கேக் குடுக்கக் கூப்பிட்டாங்க. அண்ணன் ஸ்டாரைக் காட்டி, "இப்பல்லாம் மாடிக்கே போறதில்லியா நைனா? வேணும்னா அத்த அணைக்கச் சொல்றேன்"னார்.

"வேணாம்ணே. எரியட்டும்."

அப்புறம் ரொம்ப சாதாரணமா சொன்னார்.

"அன்னிக்கு நான் கீழ கெடந்தப்போ மாடில உன் சேப்பு டார்ச்சு தெரிஞ்சுதுப்பா. வாயத் தொறந்தா சத்தம் வரல. தோ, புள்ள மேலதான் கீறான், எப்டியும் வந்துடுவான்னு அதையே பாத்துகினு கெடந்தேன்."

கேக் கையிலயே இருந்துச்சு. எதிர்ல ரோஸி அக்கா தரையைப் பாத்துக்கிட்டு நின்னாங்க.

"சாப்புடுப்பா"ன்னார் அண்ணன்.