டிரான்சிட் அக்கா

விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளுகிற வேலை என்றால், நடக்க முடியாதவர்களைத் தள்ளுகிற வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அக்காவிடம் சொன்னால் சிரிப்பாள். அவள் தள்ளுகிறவர்களில் பாதிக்கு மேல் வீட்டில் மாடிப்படி ஏறி இறங்கி, துணி துவைத்து, பேரப்பிள்ளையைத் துரத்திப் பிடிக்கிறவர்கள். காலெல்லாம் நன்றாகத்தான் இருக்கும், பாஷைதான் வராது. நடுவில் ஓரிடத்தில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டும் என்றதும் பிள்ளைகளுக்குப் பயம் பிடித்துவிடும். அம்மா வழி தெரியாமல் எங்கேயாவது நின்றுவிடப் போகிறாள் என்று, டிக்கெட் எடுக்கும்போதே வீல்சேரும் வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். பெற்றவர்களும் கல்லாட்டம் இருக்கும் உடம்பைக் கூச்சத்தோடு அதில் வைத்துக்கொண்டு வருவார்கள்.

அவளுக்கு டிரான்சிட் அக்கா என்று பெயர் வைத்தது உடன் வேலை செய்பவர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இங்கிலீஷ் சொல்லித்தர ஒரு டீச்சர் வந்தார். பலகையின் நடுவில், வழியில் விமானம் மாறிப் போவதைச் சொல்லும் டிரான்சிட் என்ற சொல்லை எழுதி, அதைச் சுற்றி அதோடு ஒட்டிவரும் சொற்களை எழுதினார். டிரான்சிட் பேசஞ்சர், டிரான்சிட் லவுஞ்ச், டிரான்சிட் விசா, டிரான்சிட் டைம். போய்க்கொண்டிருக்கும் சாமான் இன் டிரான்சிட். வழியில் காணாமல் போனால் லாஸ்ட் இன் டிரான்சிட், உடைந்தால் டேமேஜ்டு இன் டிரான்சிட். இந்தச் சொல் கல்யாண வீட்டுக்குப் போகிற பெண்களைப் போல, துணையில்லாமல் வெளியே கிளம்பாது போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். இலக்கணம் எதுவும் மண்டையில் ஏறவில்லை. ஜோடி ஜோடியாக அப்படியே விழுங்கி வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமும் அந்த ஜோடிகளை வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது, பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். கணவர் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். முதுகுவலியோடு அவர் சமைத்துவைத்துவிட்டுக் காத்திருப்பார். "உலகத்தையே ஏத்தி அனுப்புறவ, வீட்டுக்கு வர்ற பஸ்ஸை மட்டும் தவற விட்டுடுவா" என்று அவளைக் கிண்டல் செய்வார். அவளும் சிரிப்பாள். ஆனால் ஏற்கெனவே இரண்டு தடவை எச்சரிக்கை வாங்கியிருக்கிறாள் என்பதும், மூன்றாவது வந்தால் கழுத்தில் தொங்கும் பாஸைக் கழற்றிக்கொண்டு வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியாது. சொல்லி என்ன ஆகப்போகிறது? அவருக்குத் தூக்கம் போனதுதான் மிச்சமாகும்.

அன்று காலை அவள் இறக்கிக்கொண்டு வந்தது ஒரு ஸ்வெட்டர் அம்மாவை. போகிற ஊரில் குளிர் என்று, டிக்கெட் எடுத்துக்கொடுத்த மகன் சொன்னானாம். வீட்டிலிருந்தே ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தாள்.

"யாரைப் பார்க்கப் போறீங்கம்மா?"

"மகளைத்தான். நாளைக்குக் காலையில அவளுக்கு ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுக்கிறாங்க. மருமகன் கப்பல்ல இருக்காரு, வர முடியாது. மூத்தது மூணு வயசு. அதைப் பக்கத்து வீட்டுல இன்னைக்கு ராத்திரி வரைக்கும்தான் பார்த்துப்பாங்களாம். நான் போனாத்தான் அவ ஆஸ்பத்திரிக்கே போக முடியும்."

"இந்த பிளேனை விட்டா அடுத்தது நாளன்னைக்குத்தான்மா."

"ஐயோ, விடவா? உன்னை நம்பித்தானே உக்காந்திருக்கேன்!"

டிரான்சிட் டெஸ்க் பக்கத்தில் நாற்காலிகளை வரிசையாக நிறுத்துகிற மூலை ஒன்று உண்டு. அக்கா அவளை அங்கே நிறுத்தினாள். பாஸ்போர்ட்டும் போர்டிங் கார்டும் நாற்காலியின் முதுகுப் பையில் இருந்தன. அந்த அம்மாவின் கைப்பை பின்கைப்பிடியில் தொங்கியது. பயணியைத் தனியாக விடக் கூடாது என்பது சட்டம். ஆனால் அன்றைக்கு ஆள் பற்றாக்குறை, இன்னொரு விமானம் வேறு இறங்கிவிட்டது. "இவரைக் கொண்டுபோய் விட்டுட்டு இதோ வந்துடுறேன். எந்திரிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஒரு பெரியவரைத் தள்ளிக்கொண்டு போனாள்.

திரும்பி வந்தபோது நாற்காலி இருந்தது, பை தொங்கியது, உள்ளே காகிதங்களும் இருந்தன. ஸ்வெட்டர் அம்மாவைக் காணோம்.

பாத்ரூமுக்குப் போயிருப்பாள் என்று அங்கே ஓடினாள். ஒவ்வொரு கதவாகத் தட்டி, "அம்மா, ஸ்வெட்டர் போட்ட அம்மா!" என்று கூப்பிட்டாள். உள்ளேயிருந்து யாரோ வேற்றுப் பாஷையில் திட்டினார்கள். குடிநீர்க் குழாயடி, சாக்லேட் கடை, தொழுகை அறை வாசல் என்று ஒன்றையும் விடவில்லை. மைக்கில் கூப்பிடச் சொல்லலாம். ஆனால் அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் அறிவிப்பும் காக்கா கத்துவதும் ஒன்றுதான். விமான நேரம் காட்டும் பலகையில் ஸ்வெட்டர் அம்மாவின் விமானத்துக்கு நேராகக் கடைசி அழைப்பு என்று சிவப்பில் எரிய ஆரம்பித்தது.

அக்கா தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்த அந்த அம்மாவின் கைப்பைக்குள் போன் அடித்தது. திரையில் மகள் என்று இருந்தது. எடுக்காமல் இருக்க மனசு வரவில்லை.

"அம்மா, ஏறிட்டியா?"

"நான் வீல்சேர்க்காரம்மா. அம்மா பாத்ரூம் போயிருக்காங்க."

"எல்லாரும் ஏற ஆரம்பிச்சிருப்பாங்களே? அக்கா, உண்மையைச் சொல்லுங்க. ஏற முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க. ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. பிள்ளையை யார்கிட்டயாவது கெஞ்சி விடணும்." பின்னால் ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடித்து அழுதுகொண்டிருந்தது.

"ஏத்திடுவேன்மா. நீ பயப்படாதே" என்று சொல்லிவிட்டாள். வாக்குக் கொடுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஆளையே காணோம், இவள் யாரை ஏற்றுவது?

மூலைக்குத் திரும்பி வந்தால், அங்கே ஓர் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கடையில் மாதிரிக்கு வைத்திருந்த எல்லா சென்ட்டையும் அடித்துப் பார்த்திருக்கிறாள் போல, நாலு பூக்கடை மணம் வீசியது.

"ஏம்மா, என் வண்டியை யாரு எடுத்துட்டுப் போனது? என் டிக்கெட்டு, பாஸ்போர்ட்டு எல்லாம் அதுலதானே இருக்கு! சும்மா கடையைச் சுத்திட்டு வரலாம்னு எந்திரிச்சுப் போனேன்."

அக்காவுக்கு அப்போது பொறி தட்டியது. எல்லா நாற்காலிக்கும் ஒரே நீலம். ஸ்வெட்டர் அம்மா பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்து, காலியாக இருந்த பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் பை தொங்குகிறதா இல்லையா என்பது முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? அந்த நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போயிருப்பவன் எக்ஸ்பிரஸ். வேகமாகத் தள்ளுவதால் அவனுக்கு அந்தப் பெயர். முதுகுப் பையில் காகிதம் இருக்கிறதா, மேலே ஓர் அம்மா இருக்கிறாளா, அவ்வளவுதான் அவன் பார்ப்பான். போட்டோவைத் திறந்து பார்க்கிற பொறுமை அவனுக்கு ஏது? வீல்சேர்க்காரர்களைத்தான் முதலில் ஏற்றுவார்கள். ஆக, ஸ்வெட்டர் அம்மா இந்நேரம் முன்பின் தெரியாத ஓர் ஊருக்குப் போகிற விமானத்தில் பெல்ட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

வாக்கிடாக்கியை வாய் வரைக்கும் கொண்டுபோனவள் நிறுத்திக்கொண்டாள். இதில் சொன்னால் கண்ட்ரோல் அறை முழுவதும் கேட்கும். அடுத்தவள் பெயரில் ஏறிய பயணி என்று பாதுகாப்புக்காரர்கள் வந்துவிடுவார்கள். அந்த அம்மாவை ஓர் அறையில் உட்காரவைத்துச் சாயங்காலம் வரைக்கும் கேள்வி கேட்பார்கள். அக்கா மேல் தப்பு வருமோ வராதோ, மகளுடைய ஆபரேஷனுக்கு ஆள் போய்ச் சேராது. அது மட்டும் நிச்சயம்.

"உக்காருங்கம்மா" என்று சென்ட் அம்மாவைக் காலி நாற்காலியில் அமர்த்தித் தள்ளிக்கொண்டு ஓடினாள். ஓட்டமென்றால் அப்படியொரு ஓட்டம். பெட்டி இழுத்துக்கொண்டு போனவர்கள் தெறித்து விலகினார்கள். "மெதுவாம்மா, மெதுவா! எனக்கு உசிரு ஒண்ணுதான் இருக்கு!" என்று கத்தியபடியே இரண்டு பக்கமும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள் சென்ட் அம்மா.

சென்ட் அம்மாவின் விமானத்துக்கான கேட்டில் கடைசிப் பயணிகள் நுழைந்துகொண்டிருந்தார்கள். எக்ஸ்பிரஸ் காலி நாற்காலியோடு வெளியே வந்தான். அவன் காதில் விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் வெளிறிப்போயிற்று. கார்டைத் தேய்த்து உள்ளே விட்ட கேட்காரருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அவரும்தான் போட்டோவைப் பார்க்கவில்லை.

"நான் இந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். எனக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. சீக்கிரம்!" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

எக்ஸ்பிரஸ் உள்ளே ஓடினான். சென்ட் அம்மா உள்ளே போக, ஸ்வெட்டர் அம்மா வெளியே வந்தாள். ஜன்னலோர சீட், கையில் ஜூஸ் என்று சொகுசாக இருந்தவளை எழுப்பிக்கொண்டு வந்த கோபம் முகத்தில் அப்படியே தெரிந்தது.

"அது வேற பிளேன்மா. உங்களுது அந்தக் கோடியில இருக்கு. உக்காருங்க, தள்ளுறேன்."

"தள்ளுவியா? நீயே மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கிறே!" வேறு பிளேன் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், அந்த அம்மா சேலையைத் தூக்கிச் செருகினாள். "எந்தப் பக்கம்?"

வீல்சேர் கேட்டு எழுதிய மகன் அந்தக் காட்சியைப் பார்த்திருக்க வேண்டும். ஸ்வெட்டர் அம்மா முன்னால் ஓடினாள். நகரும் பாதையிலும் நிற்காமல், வழியில் நின்றவர்களைத் தோளைத் தொட்டு விலக்கிவிட்டுக்கொண்டு ஓடினாள். அக்கா பின்னால் காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க ஓடினாள். மகளுடைய பதறிய குரல்தான் அவள் காதில் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கண்ணாடிக் கதவைப் பூட்டியிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் விமானம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. மேசையிலிருந்த அதிகாரி அம்மா எதையோ எழுதி முடித்துக்கொண்டிருந்தார். கறாரானவர்.

"குளோஸ்டு."

"மேடம், வீல்சேர் பேசஞ்சர் மேடம்."

அதிகாரி ஸ்வெட்டர் அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். வேர்த்து விறுவிறுத்து, செருகிய சேலையோடு, இரண்டு காலில் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தாள் வீல்சேர் பேசஞ்சர்.

"எதனால லேட்? பேசஞ்சர் டிலேயா, டிரான்சிட் டிலேயா?"

இந்த இரண்டு ஜோடிகளுக்கும் உள்ள தூரம் அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். பேசஞ்சர் டிலே என்றால் பயணி தானே சுற்றிக்கொண்டிருந்து தாமதமாக வந்தது. விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், யார் தலையும் உருளாது. டிரான்சிட் டிலே என்றால் ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுவந்த ஊழியர் செய்த தாமதம். விமானத்தோடு இணைத்த பாதையை இன்னும் எடுக்கவில்லை என்றால் கதவைத் திறந்தாக வேண்டும். ஆனால் அதற்குக் கீழே ஊழியரின் நம்பரை எழுதியாக வேண்டும்.

நாற்காலி மாறி உட்கார்ந்தது யார்? எக்ஸ்பிரஸ் பார்க்காமல் தள்ளிக்கொண்டு போனது யார் குற்றம்? ஆள் போடாதது யார் குற்றம்? எல்லாவற்றையும் சொல்லிப் புரியவைக்க ஒரு நாள் ஆகும். சொன்னால் அந்த அம்மா வேறு விமானத்தில் ஏறிய கதை முழுவதும் வெளியே வந்துவிடும். சமையல் செய்துவைத்துவிட்டுக் காத்திருக்கும் கணவரின் முகம் அவள் கண்ணுக்குள் வந்து நின்றது. அவளுக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

"டிரான்சிட் டிலே, மேடம்."

"யாரு?"

"நான்தான். உக்கார வெச்சுட்டு மறந்துட்டேன்."

அதிகாரி அவள் பாஸைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கணினியில் தட்டினார். "உனக்கு ஏற்கெனவே ரெண்டு இருக்கே. தெரிஞ்சுதான் சொல்றியா?"

"கதவைத் திறங்க மேடம். பாதையை எடுத்துடப் போறாங்க."

அவர் போனை எடுத்து உள்ளே சொன்னார். பூட்டு திறந்தது.

அவர்கள் பேசியது இங்கிலீஷில். ஸ்வெட்டர் அம்மாவுக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. மறந்துட்டேன் என்று அக்கா சொன்னபோது தலையைக் குனிந்த விதத்திலிருந்து, தப்பு அவளுடையது என்பது மட்டும் நன்றாகப் புரிந்துவிட்டது.

"கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா உனக்கு? உன்னை நம்பி உக்காந்தவளை இப்படியா நாய் படாத பாடு படுத்துவே? வயசானவளை ஓட வெச்சுட்டியேடி!"

"தப்புதாம்மா. மன்னிச்சுக்கோங்க." அக்கா பையையும் காகிதங்களையும் அவள் கையில் கொடுத்தாள். "அங்க இறங்கினதும் வீல்சேரோட ஒருத்தர் நிப்பாங்க. எந்திரிச்சுப் போனீங்கன்னா இதைத் தோள்ல மாட்டிக்கிட்டே போங்க. வேற யாரு சேர்லயும் உக்காந்துடாதீங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியும். நீ உன் வேலையை ஒழுங்காப் பாரு."

விறுவிறுவென்று நடந்து போனாள். பாதி வழியில் போன் அடித்தது. அவள் குரல் அந்த நீளப் பாதை முழுவதும் எதிரொலித்தது. "ஏறிட்டேன்டி, ஏறிட்டேன்! நீ எதுக்குடி அழுறே? ராத்திரிக்குள்ள வந்துடுவேன்னு பிள்ளைகிட்ட சொல்லு. இங்க ஒருத்தி என்னைப் பாடாப் படுத்திட்டா. அதெல்லாம் வந்து சொல்றேன்."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. விமானத்தின் கதவு மூடிக்கொள்கிற வரைக்கும் நின்று பார்த்தாள். பின்னால் அதிகாரி கையை நீட்டிக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரியும். கழுத்திலிருந்து பாஸைக் கழற்றி, நாடாவைச் சுருட்டி, அந்தக் கையில் வைத்தாள்.