நாவல்பழமாய்க் கருத்த செஞ்சி மணி

கண்ணாடியின் சிவப்பைத் தீ தின்றுவிடும், தின்றதைத் திருப்பித் தராது என்று நம்பினேன். நாற்பத்தாறு வயதில், செஞ்சி கடைத்தெருவில் பத்துப் பேர் வேடிக்கை பார்க்க, அதற்காகக் கூச்சலும் போட்டேன்.

காலை ஆறரைக்குத் திண்டிவனத்தில் பஸ் ஏறினேன். பதினேழு மைல், எழுபது காசு. சட்டைப் பையில் விரல் நீளச் சிவப்புக் கண்ணாடிக் குச்சி. என் மனைவி கமலாவின் கருகமணிச் சரத்துக்கு நடுவே ஒற்றைச் சிவப்பு மணி இருந்தது. அவள் அம்மா போட்டிருந்தது. அதை நாற்காலிக் காலில் நசுக்கியவன் நான். "அந்த மணியோட வந்தா வாங்க" என்று மேல்மலையனூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மணி செய்தவர் அந்தக் காலத்தில் கொடுத்த மிச்சக் குச்சி அவள் பெட்டியில் கிடைத்தது.

இருபது நாளாக வீட்டில் நானும் தீய்ந்த சாம்பாரும். அவள் சரம் மாட்டும் ஆணியில் என் சட்டையை மாட்டக்கூட மனம் வரவில்லை.

எட்டு மணிக்குச் செஞ்சி கடைத்தெருவில், கண்ணாடி மணி செய்யும் காதர் பாயின் பட்டறை. வாசலில் நின்றால் ராஜகிரிக் கோட்டை தெரியுமாம். நான் பார்த்தது குச்சியை மட்டும். பாய் துருத்தியை மிதிக்க, மண்ணெண்ணெய் விளக்கின் சுடர் சீறியது. குச்சி முழுவதையும் உருக்கி, களிமண் பூசிய கம்பியில் சுற்றி வெளியே எடுத்தார். மணி தண்ணீர் நிறத்தில் இருந்தது.

"ஐயோ பாய், சிவப்பு எங்க? வேற குச்சி இல்லியே!"

"இன்னா சார், பிரசவ ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க? குந்துங்க. கொஞ்சம் ஆறவுட்டு மறுபடி லேசா சூடு காட்டினாதான் நிறம் ஏறும்."

அனல் அடங்கியதும் சுடரின் ஓரத்தில் காட்டினார். மஞ்சள் கிளம்பியது, ஆரஞ்சானது, சிவந்தது. கமலா கழுத்தில் இருந்த அதே சிவப்பு. அங்கேயே நான் வாயை மூடியிருக்கலாம். நிறம் திரும்பவும் ஓடிவிடுமோ என்ற பயத்தில், "இன்னும் காட்டுங்க பாய், இன்னும்!" என்று அவர் கையைப் பிடித்துச் சுடருக்குள் தள்ளினேன். மணி நாவல்பழமாய்க் கருத்தது.

"கெடுத்தீங்களே சார்! ஏறுன நிறம் இனிமே உருக்கினாலும் இறங்காது." விரிசல் விடாமல் மெல்ல ஆற, பாய் அதைச் சுடுசாம்பலில் புதைத்தார்.

பதினோரு மணிக்குச் சாம்பலிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மேல்மலையனூர் பஸ்ஸில் பதின்மூன்று மைலும் பொய்களை ஒத்திகை பார்த்தேன். கமலா வாசலுக்கு வந்ததும் மணியை அவள் கையில் வைத்தேன். வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

"இது அது இல்ல."

"இல்ல. நான்தான் கெடுத்தேன்."

"உங்க மூஞ்சியாட்டம் கருத்திருக்குது." மணியை முந்தானையில் முடிந்துகொண்டாள். "இளைச்சிட்டீங்க. சாப்டீங்களா?"

மணிக்குப் பழைய சிவப்பு வரவேயில்லை. மாலை ஐந்தே கால் பஸ்ஸில் நான் எடுத்தது இரண்டு டிக்கெட்.