இரண்டாவது கட்டி

டிரைவிங் ஸ்கூலில் யாரும் வைக்காமலே அவளுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் பிரேக் அக்கா. கற்றுக்கொள்ள வருபவர்கள் பதறிப்போய் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால், பக்கத்து சீட்டில் தனக்கென்று இருக்கும் பிரேக்கை ஒரே மிதி மிதிப்பாள். கூடவே வாயும் திறக்கும். "தம்பி, ஓட்டச் சொன்னா பறக்க விடுறியே!" வண்டி வராதவரிடம் வராது என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவாள். ஒரு பேங்க் மேனேஜரிடம், "சார், நீங்க பஸ்லயே போங்க, ஊருக்கு நல்லது" என்றாள். ஓனர் தலையில் கை வைத்துக்கொண்டார். மேனேஜரோ சிரித்துவிட்டு மனைவியை அனுப்பி வைத்தார். அந்த அம்மாவுக்கு ஒரே வாரத்தில் ரிவர்ஸ் வந்துவிட்டது.

அவளுக்கு வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம் தொடங்கியது. கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு முட்டியது. பெயின்ட் கடையில் வேலை பார்க்கும் அவள் புருஷன்தான் ஸ்கேனுக்குக் கூட்டிப் போனார். ரிப்போர்ட்டை வாங்கப் போனவரும் அவர்தான். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னார். "கல்லீரல்ல ஒரு கட்டி. சாதாரணக் கட்டிதானாம். ஆபரேஷன்கூட வேண்டாமாம், டியூப் வழியா மருந்து விட்டாப் போதுமாம்."

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மகளைத் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"என் கண்ணைப் பார்த்துச் சொல்லு. எனக்கு என்ன?"

மகள் கண்ணைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு நன்றாகவே பார்த்தாள். "ஒண்ணுமில்லம்மா. சாதாரணக் கட்டி. நீயா எதையாவது கற்பனை பண்ணாத."

அதோடு விட்டுவிட்டாள். பெற்ற பிள்ளை சொன்ன பிறகு வேறு யாரைக் கேட்பது?

அடுத்த வாரம் ஓனர் அவளுடைய சாயங்கால வகுப்புகளை வேறொருவருக்கு மாற்றிவிட்டார். "ஆள் வரத்து கம்மிக்கா" என்றார். ஆனால் வாசலில் வரிசையாக ஆள் நிற்பது அவள் கண்ணுக்கே தெரிந்தது. வயசாகிவிட்டது, கழற்றிவிடப் பார்க்கிறார்கள் என்று வீட்டுக்கு வந்து அழுதாள். புருஷன் முதுகைத் தடவிக் கொடுத்தார். "விடு, அந்த ஆளுக்கு உன் அருமை தெரியல."

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா செய்யப்போவதை விளக்கினார். தொடை இடுக்கில் சின்னதாக ஒரு துளை. அதன் வழியே ரத்தக்குழாய்க்குள் நூல் மாதிரி ஒரு டியூப். எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டே அதை ஈரல் வரை ஓட்டிப் போவார்கள். "கட்டிக்கு ரத்தம் போற தெருவுக்குள்ளயே போய் மருந்தைக் கொட்டிட்டு, அந்தத் தெருவையும் அடைச்சிடுவோம்."

"நோ என்ட்ரி போர்டு வைக்கிறீங்கன்னு சொல்லுங்க" என்றாள். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மயக்கம் கொடுக்கவில்லை. துளை போடும் இடத்தை மட்டும் மரக்க வைத்து, பதற்றம் குறைய ஒரு ஊசி போட்டார்கள். அறை குளிர்ந்து கிடந்தது. டாக்டரம்மாவும் உதவியாளரும் கனத்த ஈய அங்கி மாட்டியிருந்தார்கள். அவளுக்கு இடதுபுறம் பெரிய திரை. "சாயம் விடுறோம், இப்ப உடம்பு சூடாகும்" என்று டாக்டரம்மா சொல்லி முடிப்பதற்குள் வெந்நீரை ஊற்றியதுபோல் ஒரு சூடு அடிவயிறு வரை பரவியது. திரையில் ரத்தக்குழாய்கள் கறுப்பாகக் கிளைவிட்டுப் பிரிந்தன. தன் ஈரலைத் தானே பார்ப்பது அவளுக்கு வேடிக்கையாகக்கூட இருந்தது.

"மூச்சைப் பிடிங்க... ம், விடலாம்." டாக்டரம்மா உதவியாளர் பக்கம் திரும்பினார். "ரெண்டாவது கட்டிக்கும் இதே கிளைதான் பாரு."

"ரெண்டாவதா?" என்றாள் அவள்.

"ஆமாம்மா. சின்னது. பெரியதை முதல்ல முடிச்சிடுவோம். உங்களை மாதிரி தைரியசாலிங்க கம்மி. புத்துநோய்னு தெரிஞ்சும் ஜோக் அடிச்சிட்டு வந்து படுக்கிறீங்களே. உங்க வீட்டுக்காரர் சொன்னார், அவளுக்கு எல்லாம் தெரியும், அந்தப் பேரை மட்டும் அவகிட்ட எடுக்காதீங்கன்னு. நான்தான் வாய்தவறி எடுத்துட்டேன்."

அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவள் அசையவில்லை. கண்ணோரம் வழிந்த நீர் காதுக்குள் போனது. துடைக்கக் கையை எடுக்க முடியவில்லை.

"வலிக்குதா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்ல. நீங்க வேலையப் பாருங்க."

எல்லாம் முடிந்து டியூபை உருவி, துளையை அழுத்திப் பிடித்துக் கட்டுப் போட்டார்கள். சாயங்காலம் வரை காலை மடக்காமல் மல்லாக்கவே படுத்திருக்க வேண்டும் என்று வார்டுக்குத் தள்ளிவந்தார்கள். புருஷன் ஓடி வந்தார்.

"முடிஞ்சுதா? நான்தான் சொன்னேன்ல, சின்ன விஷயம்னு."

"எத்தனை கட்டி?"

"ஒண்ணுதான். ஏன்?"

அவர் முகத்தையே பார்த்தாள். வாய் கொஞ்சமும் தடுமாறவில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும், இந்த ஆளுக்கு இவ்வளவு நன்றாகப் பொய் சொல்ல வரும் என்று அவளுக்குத் தெரிந்ததே இல்லை.

"டாக்டரம்மா சொல்லிட்டாங்க. புத்துநோயாம். ரெண்டு இருக்காம். எனக்கு எல்லாம் தெரியும்னு அவங்ககிட்ட நீங்களே சொன்னீங்களாம்."

பின்னால் வந்த மகள் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"நீ பயந்துடுவேன்னுதான்..." என்றார் புருஷன்.

"பயப்படறதா வேண்டாமான்னு நான்ல முடிவு பண்ணணும்? வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

மகள்தான் மெல்ல வாய் திறந்தாள். "ஓனருக்குத் தெரியும்மா. உனக்கு ஓய்வு வேணும்னு அப்பாதான் போய்..."

"அப்போ அன்னிக்கு நான் அழுதேனே. முதுகத் தடவினீங்களே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவளுக்கு எழுந்து போய்விட வேண்டும்போல் இருந்தது. எழ முடியாது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்புவது ஒன்றுதான் அவளால் முடிந்தது. "ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றாள். போனார்கள். நர்ஸ் வந்து கட்டைப் பார்த்துவிட்டு, ரத்தம் கசியவில்லை, நல்லபடியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காய்ச்சலும் குமட்டலும் சில நாள் படுத்தி எடுத்தன. மகள் கஞ்சி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "மன்னிச்சிடும்மா."

"கண்ணைப் பார்த்துச் சொன்னியேடி" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கஞ்சியை மட்டும் குடித்தாள்.

அடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டை அவளே போய் வாங்கினாள். டாக்டரம்மா அறைக்குத் தனியாகப் போனாள். புருஷன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெரிய கட்டி செத்துவிட்டது, சின்னது இன்னும் பாதி உயிரோடு இருக்கிறது என்றார் டாக்டரம்மா. தோல் வழியே ஊசியை இறக்கி, ஸ்கேனில் பார்த்தபடியே அதைச் சுட்டுவிடலாம் என்றார். திரும்ப வருமா என்று கேட்டாள். வரலாம், விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் அவர். பல வாரங்களுக்குப் பிறகு ஒருவர் அவளிடம் பூசி மெழுகாமல் பேசியிருந்தார். "நன்றிம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள்.

ஊசியும் நல்லபடி முடிந்தது. உடம்பு தேறியதும் ஓனரிடம் போய்ச் சாயங்கால வகுப்புகளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "உங்க நல்லதுக்குத்தான்க்கா" என்று அவர் இழுத்தார். "என் நல்லதை இனி என்கிட்டயே கேளுங்க" என்று சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

வீட்டில் பேச்சுவார்த்தை இருக்கிறது. சமையல் இருக்கிறது. சண்டை கிடையாது. ஒரு நாள் காலையில் புருஷன் அடுப்பருகில் நின்று, "பால் கெடல, நல்லாத்தான் இருக்கு" என்றார். அவள் பாத்திரத்தை வாங்கி மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். பிறகுதான் அடுப்பில் வைத்தாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.