அண்டா வழிந்த ஆயுதபூஜை

மூன்றாம் வகுப்போடு கௌதள்ளியை விட்டு வந்தவன் நான். இன்று ஹெப்பாளில் எனக்குச் சொந்தமாக ஐஸ் ஆலை இருக்கிறது. ஐஸைப் பற்றி என்னிடம் பேச மைசூரில் எவனுக்கும் தகுதியில்லை. இதைச் சம்மந்திக்குப் புரியவைக்க ஐந்து மாதம் காத்திருந்தேன்.

அவர் ஓய்வுபெற்ற விரிவுரையாளர், என் மகளின் மாமனார். துருவத்துப் பனி எவ்வளவு கரைகிறது, கடல் எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பது மகளின் வேலை. கிரீன்லாந்தில் மூன்று மாதம் அளக்க அவளுக்கு அழைப்பு வந்தது. தீபாவளிக்குள் பதில் சொல்ல வேண்டும். மாமனார் தலையாட்டாமல் அந்த வீட்டில் எதுவும் நடக்காது.

விஜயநகரில் அவர்கள் வீட்டு விருந்தில், உறவுக்காரர்கள் முன்னால், சம்மந்தி ஒரு டம்ளரில் ஐஸ் துண்டுகளைப் போட்டு விளிம்புவரை தண்ணீர் ஊற்றினார். ஐஸ் கரைந்தது. சொட்டும் வழியவில்லை.

“நோடி, இஷ்டே! இவ்வளவுதான்! இதை அளக்கவா புருஷனை விட்டுட்டு மூணு மாசம் போகணும்? ஐஸ்காரரே, நீங்களே சொல்லுங்க. ஓ, உங்களுக்கு விக்கத்தானே தெரியும்!”

எல்லாரும் சிரித்தார்கள். மகள் பதில் சொன்னாள், ஒருவரும் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பை மட்டும் நான் கரையவிடவில்லை.

ஆயுதபூஜைக்கு அதே கூட்டத்தை ஆலைக்கு அழைத்தேன். பூசணி உடைத்து, பொரி கொடுத்த கையோடு, முற்றத்து வெயிலில் இரண்டு அண்டாக்களில் தண்ணீரைத் தளும்ப நிரப்பினேன். ஒன்றில் ஐஸ் பாளம் மிதந்தது. மற்றதில் பாளம் தண்ணீருக்குள் இல்லை. அண்டாவை நோக்கிச் சாய்த்த பலகைமேல் இருந்தது. அதை ஒட்டியே சம்மந்திக்கு நாற்காலி.

சாப்பாடு முடிவதற்குள், முதல் அண்டா சொட்டும் சிந்தாமல் இருக்க, இரண்டாவது அண்டா வழிந்து அவருடைய புதுத் தோல் செருப்பு நனைந்தது. காலைத் தூக்கிக்கொண்டார்.

“ஏனுங் சம்மந்தி, கடல் ஏறுதுங்களா?” என்றேன்.

“மாமா, மிதக்கிற ஐஸுக்கு நீங்க சொன்னது சரி,” என்றாள் மகள். “கிரீன்லாந்து ஐஸ் தரைமேல இருக்கு. கரைஞ்சா கடலுக்குப் புதுத் தண்ணி. ஐஸ் குறைஞ்சா அங்க பூமியோட இழுப்பும் குறையும், அதை வச்சு செயற்கைக்கோள் எடை போடுது. அந்தக் கணக்கு சரியான்னு நேர்ல போய் அளந்து பாக்கணும்.”

உருகாமலிருக்க உமி போட்டு மூடிய பாளத்தை உயரம் பார்த்து வாங்குகிறவன் ஏமாறுவான். நானும் எடை போட்டுத்தான் அனுப்புகிறேன். அதையும் உரக்கச் சொன்னேன். இந்த முறை சிரிப்பு சம்மந்தி பக்கம் திரும்பியது.

“ஹோக்லி பிடி, போயிட்டு வரட்டும்,” என்று முனகினார்.

“பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கலீங். இன்னொருக்கா சொல்லுங்.”

மகள் என் கையைக் கிள்ளினாள். ஆனாலும் மூன்று தடவை சொல்ல வைத்தேன்.