புது ஆட்களுக்கு வயிறாரச் சோறு

எங்கள் தறிக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாள் சாப்பாடு முதலாளியான என் வீட்டில்தான். வயிறு முட்டச் சாப்பிட வைத்த பிறகே தறியில் நிறுத்துவோம். நான் உயிர் பயத்தோடு திருப்பதிக்கு ஓடியதற்கு இந்த வழக்கம்தான் காரணம்.

நகரியில் எட்டு விசைத்தறிகளை மேய்க்கும் எனக்கு எடை நூற்றுநான்கு கிலோ. தறிகளுக்கு நடுவில் தொப்பை முதலில் போகும், நான் பின்னால் போவேன். கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, சாப்பாட்டைக் குறைத்து நடங்கள் என்றார் திருப்பதி டாக்டரம்மா. இரண்டும் எனக்கு ஒத்துவராது. போனில் பார்த்த புரோபயாடிக் மாத்திரையைக் கேட்டேன்.

"சாப்பிடுங்க, ஆனா பெரிசா ஆசை வைக்காதீங்க" என்றார். மாத்திரைக்குள் இருப்பது குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள பாக்டீரியா. கூடவே ஒரு நார்ச்சத்துப் பொடி. அது பாக்டீரியாவுக்குத் தீனி. தினமும் அரை ஸ்பூன் போதும்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். கோடிக்கணக்கில் ஆட்கள் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறார்கள். என் கொழுப்பைக் கரைப்பதென்றால் சாதாரண வேலையா? அரை ஸ்பூன் போட்டால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? கேழ்வரகுக் கூழில் நாலு ஸ்பூன் கலக்கிக் குடித்தேன். மூன்று நாள் விருந்து நடந்தது.

நாலாம் நாள் காலை கரண்ட் போனது. எட்டுத் தறிகளும் ஒரே நொடியில் நின்றன. அந்த அமைதியில் ஒன்று மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. என் வயிறு.

"ஒம்போதாவது தறி எப்பண்ணா வாங்கினே?" என்றான் மூலையில் நின்ற தறிக்காரன். "கரண்ட்டே இல்லாம ஓடிக்கினு கீதே!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வயிற்றில் கை வைத்தேன். தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல் மாதிரி விறைத்திருந்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவின் வயிறு கடைசி மாதத்தில் இப்படித்தான் இருந்தது. கல்லீரல் கெட்டு, தண்ணீர் கோத்துக்கொண்டது. "உள்ள ஏரி வெட்டிக்கினு கீறேன்டா" என்று அவரும் ஜோக் அடித்துக்கொண்டுதான் இருந்தார். ஏரி நிரம்பியது, போய்விட்டார்.

"இன்னாயா, மூஞ்சி வெளுத்துப் போச்சி?" என்றாள் மனைவி. "கேஸு" என்று சொல்லிவிட்டுத் திருப்பதி பஸ் ஏறினேன். புத்தூர் வருவதற்குள் யாருக்கு எத்தனை தறி என்று மனசுக்குள் பிரித்துக் கொடுத்துவிட்டேன். ரேணிகுண்டா தாண்டும்போது வயிறு ஒரு முழக்கம் முழங்கியது. பக்கத்து இருக்கைக்காரர் டிரைவரைக் கவலையோடு எட்டிப் பார்த்தார்.

டாக்டரம்மா என்னைப் படுக்கவைத்து வயிற்றில் விரலால் தட்டினார். ஒருக்களிக்கச் சொல்லி மறுபடி தட்டினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாயில் ஒரு ஜோக்கும் வரவில்லை.

"பொடி என்னி ஸ்பூன்லு?" என்று தெலுங்கில் கேட்டார்.

"நாலு."

"வாரத்துக்கா?"

"வேளைக்கு." தறிக் கொட்டகை வழக்கத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"தண்ணி இல்ல. வெறும் கேஸ். பொடிய நிறுத்துங்க, அடங்கிடும்." பிறகு சிரிக்காமல் சொன்னார்: "இந்த மாத்திரையால சிலருக்குக் கொஞ்சம் எடை குறையுது, பலருக்கு ஒண்ணுமே ஆகறதில்ல. அத நம்பி உக்காராதீங்க. இப்ப தண்ணி இல்ல. இப்படியே சாப்பிட்டுட்டு இருந்தா…"

வாக்கியத்தை முடிக்காமல் அடுத்தவரைக் கூப்பிட்டார். அதை நான் திரும்பும் பஸ்ஸில் நூறு தடவை முடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நைனாவின் வயிற்றில்தான் முடிந்தது.

போன் அடித்தது. மனைவி.

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?"

"புது ஆளுங்களுக்குச் சோத்தக் கொறைக்கச் சொன்னாங்க."

"மொதலாளிக்கு?"

பஸ் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பஸ் புத்தூர் ஸ்டாண்டில் என்ஜினை அணைத்துவிட்டு நின்றிருந்தது.

"அவனுக்குந்தான்" என்றேன்.