என்னுடைய வண்டி, அக்காவின் ஓட்டம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்துப் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். கியர் மோட்டார் சைக்கிள் வாங்கிய முதல் ஆளும் நான்தான். இரண்டையும் நான் அடக்கமாகச் சொல்வதில்லை. அப்பாவும் அம்மாவும் உரும்பிராயில் மற்றவர்களின் தோட்டங்களில் வெங்காயம் நட்டும் கிண்டியும் என்னைப் படிப்பித்தவர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து மோட்டார் சைக்கிள் ஓடப் போவோம். என்னோடு சேர்த்து நாலு பேர் ஓட்டத்துக்குப் புதியவர்கள். எங்களுக்குள் முதலில் வரும் கதை, யார் எந்தக் கொம்பனிப் பெயர் போட்ட கையுறை, எந்தப் பெயர் போட்ட சப்பாத்து வாங்கினோம் என்பதுதான். உண்மையானதற்குக் காசு கட்டாது என்றால் அதைப்போலச் செய்த கொப்பி. நெஞ்சில் அந்தப் பெயர் தெரிந்தால் சரி.

ஐந்தாவது ஆள் பண்டத்தரிப்பில் கோழி வளர்க்கும் ஒரு அக்கா. வெயில் படாமல் பழைய ஆம்பிளைச் சேட் ஒன்றை முன்பக்கம் பின்னாக மாட்டிக்கொண்டு வருவார், ஸ்கூட்டியில் போகும் ரீச்சர்மாரைப் போல. ஆனால் மணல் கிடக்கும் வளைவில் அவர் வண்டியைச் சாய்த்து எடுப்பதைப் பார்த்தால் எங்களுக்கு வாய் அடைத்துவிடும். எங்கே பழகியது என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்த வயதுப் பெண் ஒருத்தி அப்படி ஓடினால், போர்க்காலத்தில் இயக்கத்தில் இருந்தவர் என்றுதான் இங்கே எல்லோரும் நினைப்பார்கள். நினைப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

ரவுணில் புதிதாகத் திறந்த கடையொன்று எங்களுக்கு வெளிநாட்டுப் பெயர் பொறித்த கறுப்பு ஜக்கெற்றும் கறுப்பு ஹெல்மெற்றும் தருவதாகச் சொன்னது. பதிலுக்கு ஒரு வீடியோ எடுத்து முகநூலில் போடுவார்கள். நான் துள்ளினேன். எவடம், ஆரின்ரை பிள்ளை என்று கேட்டே ஆளை எடைபோடும் ஊர் இது. அந்த ஜக்கெற்றைப் போட்டால் கேள்வி மாறும் என்று நம்பினேன். எங்கள் நாலு பேரின் ஓட்டம் கடைக்காரருக்குப் போதவில்லை. அக்கா ஓடினால்தான் சரி என்றார்கள்.

"எனக்கு உது வேண்டாம் பிள்ளை," என்றார் அக்கா. "எல்லாரும் ஒரே உடுப்புப் போட்டுத் திரிஞ்சது ஒருக்காப் போதும்."

"நாங்கள் என்ன உங்களைக் கலியாணத்துக்கே கேக்கிறம்?" என்றாள் எங்களில் ஒருத்தி. அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. நாலு பேரும் கெஞ்ச, முகம் காட்டுவதில்லை, பெயர் போடுவதில்லை என்ற பேச்சோடு இறங்கி வந்தார். அவருடைய வண்டி பழசு. என்னுடைய புது வண்டியில்தான் அவரை ஓட வைத்து எடுத்தார்கள்.

வீடியோவில் நாங்கள் நாலு பேரும் தலை வாரிச் சிரித்துக்கொண்டு நின்றோம். பிறகு ஹெல்மெற் மூடிய ஒருத்தி கடற்கரை வளைவில் முழங்கால் தரையில் முட்டுமாப்போல் சாய்ந்து போனாள். கீழே புகழ்ச்சிகள் குவிந்தன. அவற்றுக்கு நடுவே ஒருவர் எழுதியிருந்தார்: "உது எங்க பழகின ஓட்டம் எண்டு தெரியாதோ?"

அடுத்த கிழமை ஒரு பின்னேரம் சிவில் உடுப்பில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். எங்கிருந்து என்று அவர்கள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பழைய இயக்கக்காரரைத் தேடி விசாரிப்பவர்கள் இங்கே அப்படித்தான் வருவார்கள். அம்மா கதிரை போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனார். ஒருவர் போனை நீட்டினார். அந்த வளைவில் படத்தை நிறுத்தி வைத்திருந்தார். என் வண்டியின் இலக்கம் தெளிவாகத் தெரிந்தது.

"தங்கச்சி, இதில ஓடுறது யார்?"

அக்கா எவ்வளவு காலமாக அந்தக் கோழிக்கூடுகளோடு ஒருவர் கண்ணிலும் படாமல் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. நான் ஒரு பெயரைச் சொன்னால் அது முடிந்துவிடும் என்று தெரிந்தது. படத்தைப் பார்த்தேன். அதே ஜக்கெற், அதே ஹெல்மெற். யாராகவும் இருக்கலாம்.

"நான்தான்," என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப ஒருக்கா ஓடிக் காட்டுங்கோ பாப்பம்."

ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினேன். வேலியோரம் திருப்பும்போது வண்டி சாயவில்லை. நான்தான் சரிந்தேன். காலை ஊன்றித் தப்பினேன். அம்மா தேத்தண்ணித் தட்டோடு அசையாமல் நின்றார்.

"வீடியோவில வேற மாதிரியெல்லோ இருக்கு?"

"கடைக்காரர் வேகத்தைக் கூட்டிப் போட்டிருக்கினம். விளம்பரம்தானே."

ஒருவர் சிரித்தார். போனை வைத்திருந்தவர் சிரிக்கவில்லை. தேவையென்றால் திரும்ப வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். தீனிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"நீர் ஏன் பிள்ளை உம்மடை தலையில தூக்கிப் போட்டனீர்? இனி உம்மையெல்லோ பாத்துக்கொண்டிருப்பினம்."

அதற்குப் பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதில்லை. கடைக்காரர் வீடியோவை முகநூலிலிருந்து எடுத்துவிட்டார். ஆனால் அது பலரின் போன்களில் இருக்கிறது. இப்போது வேலைக்குப் போகமுன் தினமும் அந்தக் கடற்கரை வளைவுக்குப் போகிறேன். விழுந்து முழங்கை உரிந்துவிட்டது. அம்மா ஏன் என்று கேட்பதில்லை, மஞ்சள் அரைத்துத் தருகிறார். அவர்கள் திரும்பி வரும்போது அந்த ஓட்டம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.