பதினேழாம் நம்பர் கிளிப்

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை அவருடைய கம்பெனி அடையாள அட்டையில் மட்டும்தான் பார்க்கலாம். மற்றபடி சொந்தபந்தம் அத்தனைக்கும் அவர் ‘டமால்’தான். கல்யாண வீட்டில்கூட, “டமால் வந்தாச்சா, சாப்பிட்டாச்சா?” என்றுதான் விசாரிப்பார்கள். பெயரை வைத்த புண்ணியவான் அக்காவின் கணவர். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் அக்காவின் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டார். மனுஷருக்கு அப்படி ஒரு நகைச்சுவை உணர்ச்சி.

நடந்தது இதுதான். டமாலுக்கு ரிமோட்டில் ஓடும் குட்டி விமானங்கள் என்றால் உயிர். அவரைப் பார்த்து அத்தானும் ஒன்று வாங்கிப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார். ஆறு மாதம் உட்கார்ந்து, தக்கை போல லேசான பால்சா மரத்தை இழைத்து, ஐந்தடி இறக்கையோடு ஒன்று செய்தார். கிளப் மைதானத்தில் அது அழகாக வட்டமடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று சொன்ன பேச்சுக் கேட்காமல் மூக்கைக் கவிழ்த்து, நேராகப் பார்வையாளர் நாற்காலிகளைப் பார்த்து வந்தது. அதன் விசிறி அக்காவின் வலது முழங்கையில் அடித்தது. மூன்று ஆபரேஷன் ஆயிற்று. இன்றைக்கும் அந்தக் கை முக்கால்வாசிதான் நீளும். தலை வாருவதும் பூட்டைத் திறப்பதும் இடது கையால்தான்.

“அவனுக்குக் கை தடுமாறிடுச்சு, பாவம். விடுங்க, நம்ம பையன்தானே” என்று அத்தான் எல்லாரிடமும் சொன்னார். என்ன பெருந்தன்மை! கை தடுமாறவில்லை, விமானம்தான் கேட்கவில்லை என்று டமால் ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். சுற்றி நின்றவர்கள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். நாளாவட்டத்தில் தன் கைதான் தடுமாறியது என்று அவரே நம்பத் தொடங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் விமானத்தைத் தொடவில்லை. அக்கா வீட்டில் தண்ணீர் மோட்டார் மக்கர் செய்தாலும், குழாய் ஒழுகினாலும், கூப்பிட்ட குரலுக்குப் போய் நிற்பார். ஞாயிற்றுக்கிழமை என்று தனக்கென ஒரு நாளை அவர் வைத்துக்கொண்டதே இல்லை. அம்மாவோ அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டார். சாப்பாடு போடுவார், உடம்பு எப்படி என்று கேட்பார், கண் மட்டும் சுவரில் இருக்கும். மகளின் கையை உடைத்தவனை எந்த அம்மா ஆசையாகப் பார்ப்பார் என்று டமால் அதையும் நியாயமாகவே எடுத்துக்கொண்டார். சாகும்வரை அம்மா மாறவில்லை.

இந்த வருஷம் அத்தான் ரிட்டையர் ஆனார். வீட்டில் பொழுது போகவில்லை. ஒரு நாள் காலையில், கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“உன் விமானம்தான் மாப்ளே. தேத்திக் குடு, பறக்க விடலாம். நம்ம ரெண்டு பேர் ரிமோட்டும் உள்ளேதான் இருக்கு. என்னுதையும் துடைச்சு வை. அன்னைக்குச் சாயங்காலம் கட்டிப் பரண்ல போட்டதுதான், இன்னும் பிரிக்கவே இல்லை.”

வேண்டாம் என்று சொல்லத்தான் டமால் நினைத்தார். ஆனால் அத்தானே கேட்கிறார் என்றால் பழி நீங்கியது என்றுதானே அர்த்தம்? பத்தொன்பது வருஷமாக அவர் ஏங்கியது அது ஒன்றுக்குத்தான்.

வேலையை அவர் வைத்துக்கொண்டது ஒரு பத்துமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில். கீழே யாராவது பட்டனை அழுத்தினால் போதும், கம்பிவடம் சுற்றி, தரையில் கிடக்கும் மரத்தூள் எல்லாம் எழுந்து மூக்கில் ஏறும். ஷிப்ட் முடிந்த பிறகு தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். எஞ்சினுக்குள், எரிபொருளோடு கலந்து ஊற்றிய பழைய விளக்கெண்ணெய் பிசினாக இறுகியிருந்தது. தின்னரில் இரண்டு நாள் ஊறப்போட்டார். எண்ணெய் குடித்த மரத்தில் முகப்பவுடரைத் தூவி, உறிஞ்சவிட்டு, சுரண்டினார். உடைந்த இறக்கைக்குள் ஏழு விலாக்களைப் புதிதாக அறுத்து ஒட்டினார். மேலே மஞ்சள் தாளைப் போட்டுச் சின்ன இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கத் தேய்க்க, சுருக்கம் போய் விம்மி நின்றது. அன்றைக்கு அவர் வாயில் தன்னையறியாமல் ஒரு பாட்டு வந்தது. அவருடைய உதவியாளர் பயந்துபோய், “அண்ணே, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டார்.

கடைசியாக ரிமோட்டுகள். முதலில் அத்தானுடையதைத் திறந்தார். பாட்டரி ஒழுகி, ஒயரெல்லாம் பச்சை பூத்திருந்தது. அதைச் சுரண்டும்போதுதான் கிரிஸ்டலைப் பார்த்தார்.

அந்தக் காலத்து ரிமோட்டில் விரல்நகம் அளவுக்கு ஒரு கிரிஸ்டல் செருகியிருக்கும். அதன் நம்பர்தான் அலைவரிசை. ஒரே நம்பரில் இரண்டு ரிமோட்டை ஒரே நேரத்தில் போட்டால் விமானம் யார் பேச்சையும் கேட்காது. அதற்காகவே மைதானத்தில் ஒரு பலகை வைத்து, நம்பர் எழுதிய துணிக் கிளிப்புகளை வரிசையாக மாட்டியிருப்பார்கள். தன் நம்பர் கிளிப்பை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்ட பிறகுதான் ரிமோட்டைப் போடலாம். கிளிப் அங்கே இல்லையென்றால் வேறு யாரோ பறக்கவிடுகிறார், பேசாமல் உட்கார வேண்டியதுதான். டமாலின் நம்பர் பதினேழு, அத்தானின் நம்பர் பதினான்கு. விமானம் விழுந்தபோது பதினேழாம் நம்பர் கிளிப் டமாலின் சட்டையில்தான் இருந்தது.

அத்தானின் ரிமோட்டில் இருந்த கிரிஸ்டலும் பதினேழு. அதன் தலையில் சிவப்பாக ஒரு பொட்டு. கலந்துபோகாமல் இருக்க, மனைவியின் நகப்பூச்சை எடுத்து டமால் தன் கிரிஸ்டல்களுக்கு வைத்த பொட்டு. அவருடைய டப்பாவில் உபரியாகக் கிடந்து, எங்கேயோ தொலைந்துபோனதாக அவர் நினைத்திருந்த கிரிஸ்டல் அது.

அத்தானின் கிரிஸ்டல் பழுதாகியிருக்க வேண்டும். கேட்காமல் மாப்பிள்ளையின் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துச் செருகியிருக்கிறார். கிளிப்பும் இல்லாமல் ரிமோட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். செய்துவிட்டு ‘நம்ம பையன்தானே’ என்று மன்னித்தும்விட்டார், பெயரும் சூட்டிவிட்டார். இப்போது அதே ரிமோட்டைத் துடைக்கக் கொடுத்திருக்கிறார் என்றால், மனுஷர் அதைச் சுத்தமாக மறந்தே போயிருக்கிறார். டமால் கிரிஸ்டலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் அத்தான் முடிவெட்டப் போயிருந்த நேரம் பார்த்து அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து, மடங்கிய கையால் துணியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, இடது கையால் மடித்துக்கொண்டிருந்தாள். டமால் கிரிஸ்டலை அவள் முன்னால் வைத்தார். நம்பர், பொட்டு, கிளிப் என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விளக்கிச் சொன்னார். அவள் அதிர்ச்சியில் அழுதால் என்ன சொல்லித் தேற்றுவது என்றுகூட வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார்.

அக்கா அழவில்லை. ஒரு துண்டை மடித்து முடித்தாள்.

“அவர் ஏரியலை இழுத்ததை நான் பார்த்தேன்டா. பக்கத்து நாற்காலியிலதானே இருந்தேன். பட்டனைப் போட்டார், உன்னுது திரும்பிச்சு. பதறிப்போய் உடனே அணைச்சார். அதுக்குள்ள வந்துடுச்சு.”

டமாலுக்குக் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை.

“அப்போ உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன்க்கா சொல்லலை?”

“உன்மேல கோவம்னா போயிடும், கூடப்பிறந்தவன். அவர்தான் பண்ணார்னு வாயால சொல்லிட்டா, அப்புறம் அந்த மனுஷனோட ஒரே வீட்ல எப்படி இருக்கிறது? புள்ளைக்கு அப்போ ரெண்டு வயசு. நீ தாங்கிப்பேன்னு நினைச்சேன். தாங்கிக்கிட்டியே.”

பழி சுமந்ததற்குப் பாராட்டு வேறு. அத்தான் ஏமாற்றியதில் எரிச்சல்தான் வந்தது. அக்கா சொன்னதைக் கேட்டபோது யாருமே இல்லாதவன் மாதிரி இருந்தது.

“அவர் வரட்டும். நேராவே கேட்கிறேன்.”

“கேளு. நான் ஒண்ணும் பார்க்கலைன்னு சொல்லிடுவேன்” என்றாள். குரலில் கோபம் இல்லை, சண்டை இல்லை. நாளைக்கு என்ன சமையல் என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

“அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே. கடைசிவரைக்கும் அவங்க என் முகத்தைப் பார்க்கலைக்கா.”

அக்கா அத்தானின் சட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு தடவிக்கொண்டிருந்தாள்.

“அம்மாவுக்கு ஆஸ்பத்திரியிலேயே சொல்லிட்டேன். வெளியே விடாதேன்னு சொன்னதே அவங்கதான். உன்னைப் பார்க்காம இருந்தது கோவத்துல இல்லைடா. பார்க்க முடியலை அவங்களால.”

டமால் எழுந்தார். கதவுவரை போனவர் திரும்பினார்.

“அம்மா கடைசியாப் படுத்திருந்தப்போ, கையைப் பிடிச்சுக்கிட்டு மன்னிப்புக் கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன். நீ கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்னே.”

அக்கா தலையைத் தூக்கவில்லை.

“நின்னேன்” என்றாள்.